ஓடும் உறவும்

ஜவ்வாது மலை கடலைக் காணாத மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களிற் பரந்து கிடக்கும் அம்மலையிலே தோன்றும் ஆறுகளுள் ஒன்று செய்யாறு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இதனைச் சேயாறு என்று வழங்கும். மலையினின்று இறங்கிச் செங்கத்தைச் சார்ந்து ஓடிப் பாலாற்றிற் கலக்கும் இதன் நீர், முடிவில் வங்கக் கடலை அடைகின்றது. தமிழ்நாட்டுச் சமவெளியில் இத்தகைய ஆறுகளின் மணலிலும் ஏரிகளின் சேற்றிலும், கோடையில் நீர் வற்றிய காலத்தே, கருமை படர்ந்த நீள்வட்டச் சிப்பிகள் கிடப்பதுண்டு. புறத்தைக் கண்டோர் அவற்றை எடுக்க நினையார். அகத்தைக் கண்டோர் எறிய நினையார். உட்புறம் முத்தினைப் போல மிளிரும்.

இவ்வாற்றுச் சிப்பியின் அருகே தூத்துக்குடிக் கடலில் வாழும் முத்துச்சிப்பி ஒன்றனை வைத்தால், இரண்டன் உள்ளொளியும் ஒன்றே எனத் தோன்றும். மூன்றாவதாக விசிறிச் சிப்பியையும் வைப்போமாயின் ஒரு வினா எழும். விசிறிச் சிப்பி என்பது விரித்த விசிறி போன்ற வடிவினது. அடியினின்று விளிம்பு வரை வரிகள் ஓடப் பெற்றது. பெட்ரோல் விற்கும் நிறுவனம் ஒன்று அதன் வடிவையே தன் சின்னமாகக் கொண்டிருப்பதால், கடலை அறியாதாரும் அதனைக் கண்டிருத்தல் கூடும். ஆனால் அதன் உட்புறத்தே முத்தொளி இல்லை. இம்மூன்றனுள் நெருங்கிய உறவுடையன எவ்விரண்டு?

ஒளியை நோக்கி விடை கூறுவோர், ஆற்றுச் சிப்பியும் முத்துச்சிப்பியுமே என்பர். அவ்விடை பிழையாகும். அஃது எவ்வாறு பிழையாயிற்று என்று அறிவதற்கு ஓட்டினுள் வாழ்ந்த உயிரை நோக்குதல் வேண்டும்.

சிப்பியின் உடல் மெல்லியது. தலை என்று தனியே ஓர் உறுப்பு இல்லை. வலமும் இடமுமாக அமைந்த ஈரோடுகள் முதுகுப்புறத்தே ஒரு நாரினால் இணைக்கப்பட்டுள்ளன. ஓட்டைத் திறப்பது அந்நாரின் மீள்விசை. மூடுவது உள்ளிருக்கும் தசை. உயிர் நீங்கிய சிப்பி வாய் பிளந்து கிடப்பதற்கு இதுவே காரணம். இழுத்துப் பிடிக்கும் தசை தளர்ந்தபின் நாரே வெல்கிறது. இவ்வீரோட்டு மெல்லுடலிகளுள் இன்று வாழ்வன 9,000 வகைக்கு மேற்பட்டன என்பர் உயிர்நூலார்.

இத்துணை வகைகளையும் ஒழுங்குபட நிறுத்த முயன்றோருள் தலையாயவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்பார். உயிரினங்களை முறைப்படுத்தி அவர் எழுதிய நூலின் பத்தாம் பதிப்பு 1758-இல் வெளிவந்தது. அப்பேரறிஞரும் ஓட்டையே பெரிதும் நம்பினார். விசிறிச் சிப்பியை உண்ணுஞ்சிப்பியின் இனத்துள் அடக்கினார். முத்துச்சிப்பியையோ கல்லுமக்காய் இனத்தோடு வைத்தார். கப்பலின் அடியில் ஒட்டி வாழும் கொட்டலசு என்பதனையும், ஓடு உடைமை பற்றி, சிப்பி நத்தைகளின் வரிசையிலேயே சேர்த்தார். 1830-இல் ஜான் வாகன் தாம்சன் என்பவர் கொட்டலசின் இளமைப் பருவத்தை ஆராய்ந்து, அது நண்டு, இறால் முதலியவற்றின் கிளை என்று காட்டினார். இதற்கு மாறானது கப்பற்புழு. மரத்தைத் துளைத்து உள்ளே வாழும் அது பார்வைக்குப் புழுவே. ஆயினும் அதன் முகப்பில் இரு சிற்றோடுகள் உள்ளன. மரத்தை அராவுவன அவையே. அது சிப்பியினத்தது என்பதைச் செல்லியஸ் என்பார் லின்னேயஸின் இப்பதிப்புக்கும் முன்னரே, 1733-இல், எழுதிய நூலில் விளக்கினார்.

பின்வந்தோர் ஓட்டின் வடிவை விடுத்து, அதன் உட்புறத்திலுள்ள தழும்புகளை நோக்கினர். தசை ஒட்டியிருந்த இடத்தில் ஓட்டிலே தழும்பு இருக்கும். ஆற்றுச் சிப்பியின் ஓட்டினைக் கழுவி வெயிலிற் சாய்த்துப் பார்ப்பவர், முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு தழும்புகளைக் காணலாம். முத்துச்சிப்பியில் நடுவணதாக ஒரு பெருந்தழும்பே உண்டு. விசிறிச் சிப்பியிலும் ஒன்றே. ஆனால் இவ்வோர் அடையாளத்தையே துணையாகக் கொள்ளுதலும் இடர் தரும். பவளப் பாறைகளிடையே வாழும் பேருருச் சிப்பிக்கும் பெருந்தசை ஒன்றே. ஆயினும் அது மட்டியினத்துக்கு உறவானது. ஆதலின் அறிஞர்கள் செவுளையும் ஆராய்ந்தனர். விசிறிச் சிப்பி, முத்துச்சிப்பி, கல்லுமக்காய் ஆகியவற்றின் செவுள், நூலிழைகளைப் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டாற் போன்றது. ஆற்றுச் சிப்பி, மட்டி ஆகியவற்றின் செவுளில் அவ்விழைகள் துணி போல் இணைந்து நிற்கும். மரபணுவைக் கொண்டு செய்த அண்மைக்கால ஆராய்ச்சிகளும் இப்பாகுபாட்டையே பெரிதும் வலியுறுத்துகின்றன.

ஆகவே, முத்துச்சிப்பிக்கு உறவு விசிறிச் சிப்பியே. இவ்விரண்டும் கல்லுமக்காய், உண்ணுஞ்சிப்பி ஆகியவற்றோடு ஒரு பெருங்கிளையின. கோவாவின் பழைய மனைகளில் கண்ணாடிக்கு ஈடாகப் பலகணியிற் பதிக்கப்பட்ட மெல்லிய சிப்பியும் இக்கிளையினதே. அது விசிறிச் சிப்பிக்கு மிக அணுக்கமானது. ஆற்றுச் சிப்பி மற்றொரு கிளையைச் சார்ந்தது. முத்தொளி வீசும் கடற்சிப்பியைக் காட்டிலும், மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவே அதற்கு அண்மைய உறவு என்பது கேட்போர்க்கு வியப்பாகலாம்.

அங்ஙனமாயின் முத்தொளி இரண்டிற்கும் எங்ஙனம் வந்தது? அது சிப்பிக் குலத்தின் மிகப் பழைய உடைமை; சில குடிகள் அதனைக் காத்தன, சில இழந்தன. பாட்டன் அணிந்த கடுக்கனைத் தாயாதியர் இருவர் காத்து வர, உடன்பிறந்தான் ஒருவன் தன் பங்கை விற்றுவிட்டான் எனக் கொள்வோம். கடுக்கன் உடையார் இருவரே உடன்பிறந்தார் என்று சொல்லல் ஆகுமோ?

விசிறிச் சிப்பியின் வாழ்க்கை தனித்துரைக்கத் தக்கது. உண்ணுஞ்சிப்பி தன் இடவோட்டைப் பாறையோடு பிணைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் அங்கேயே கிடக்கும். முத்துச்சிப்பி நார்க்கற்றையாற் பாரைப் பற்றிக்கொள்ளும். விசிறிச் சிப்பிகளுட் பலவோ நீந்துகின்றன. ஈரோடுகளையும் கைகொட்டுவது போல் அடித்து, நீரைப் பீச்சி, அதன் விசையாற் பாய்கின்றன. உடலை மூடிய சவ்வின் விளிம்பிலே மணி கோத்தாற் போலக் கண்கள் உள்ளன. சிலவற்றில் அவை 200 வரை இருக்கும். நம் கண்ணில் வில்லை உருவத்தைக் குவிக்கிறது. இதன் கண்ணிலோ பின்புறத்துள்ள குழியாடி அதனைச் செய்கிறது. இவ்வுண்மையை 1965-இல் மைக்கேல் லாண்ட் என்பார் விளக்கினார்.

தொல்காப்பிய மரபியல், உயிர்களைப் புலனறிவின் அளவாற் பகுத்து, நந்து, முரள் ஆகியவற்றை ஊறும் சுவையும் உணரும் ஈரறிவுயிர்களுள் வைத்தது. முரள் என்பது சிப்பி வகை என்பர். விசிறிச் சிப்பியின் கண்களை அறிந்த இக்காலத்தார் அவ்வைப்பு முழுதும் பொருந்தாது என்பர். அதனை மறுத்து வாதிடுதல் வேண்டா. ஆயினும் ஓட்டின் அழகையோ நிறத்தையோ கருதாது, உயிரின் உணர்வையே பகுப்புக்கு அளவாகக் கொண்டமை எண்ணத்தக்கது.

இவ்வுறவு ஆராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. கொற்கை முத்தாற் புகழ்பெற்ற மன்னார்க் குடாக்கடலில், பார்கள் வளங்குன்றியமையால் 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1947-இல் தோன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், 1973-இல் தூத்துக்குடியிலே முத்தினை வளர்ப்பு முறையால் உண்டாக்கினர். ஆற்றுச் சிப்பியில் முத்து விளைக்கும் முறையினைப் புவனேசுவரத்து நன்னீர் மீன்வளர்ப்பு நிலையத்தார் வகுத்தனர். விளையும் பொருள் ஒன்றாயினும், சிப்பியின் குஞ்சுகளைப் பேணும் வழி ஒன்றன்று. முத்துச்சிப்பியின் குஞ்சுகள் ஏறத்தாழ மூன்று வாரம் கடல்நீரில் மிதந்து திரிந்து, பின்னர்ப் பற்றுக்கோடு கண்டு தங்கும். ஆற்றுச் சிப்பியின் குஞ்சுகளோ மீனின் செவுளையோ துடுப்பையோ பற்றி, அதன் உடலில் ஒட்டி வளர்ந்த பின்னரே உதிர்ந்து மண்ணில் வாழத் தொடங்கும். மீன் கிட்டாதவை மடியும். ஆற்றில் மீன்வளம் அழிந்தாலும் முதிர்ந்த சிப்பிகள் பல்லாண்டு உயிர்வாழ்வனவாதலின், அவ்வினம் குன்றி வருதல் கரையில் நிற்போர் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை.