விளக்கில் அறுப்பா, பற்றறியில் தளர்வா?

12 வோல்ற் பற்றறியில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு நள்ளிரவில் அணைந்தால், பழுதென்று எறிந்துவிட வேண்டாம். முதலில் காரணத்தை அறிவோம்.

வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ற் தேவை. மூன்றைத் தொடராக இணைத்தால் 9 முதல் 10 வோல்ற் வேண்டும். அவற்றுக்கு அளவான மின்னோட்டத்தை விடும் சிறு சிப்புக்கும் கொஞ்சம் வோல்ற் மிஞ்ச வேண்டும்.

தொடரில் ஓரிடம் அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். சிப்பிலிருந்து எல்.ஈ.டி.க்குப் போகும் முனையின் வோல்ற்றளவு பற்றறியின் அளவுக்கே உயரும். இவ்விரு அளவுகளும் நெருங்குவதைக் கண்டே பல சிப்புகள் 'சுற்று அறுந்தது' எனத் தீர்மானிக்கின்றன. ஆனால் பற்றறி தளரும்போதும் இவை நெருங்குகின்றன. எனவே நல்ல விளக்கும் பழுதெனக் கணிக்கப்படலாம். இத்தவறைத் தவிர்க்கவே சில சிப்புகள், பற்றறி குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் இச்சோதனையை நிறுத்திக்கொள்கின்றன.

செய்யவேண்டியவை:

1. விளக்கைப் போட்டபடியே அதன் முனைகளில் மீற்றரால் அளக்கவும்.
2. 11 வோல்ற்றுக்குக் குறைந்தால் பற்றறியை நிறைய ஏற்றவும். முனைகளில் படிந்த உப்பைத் துடைக்கவும்.
3. 12 வோல்ற் இருந்தும் எரியாவிடின், பற்றறியைக் கழற்றிவிட்டு, வயரையும் ஈய ஒட்டுகளையும் பார்க்கவும்.

பற்றறி ஏற்றும் செலவு சிறிது. புது விளக்கின் விலை பெரிது. அளந்த பின்பே முடிவு செய்யுங்கள்.