பூந்தொட்டியும் ஒரு கையும்

கேள்வி: சோஷலிச நாடுகளில் அரசைக் கிண்டலடித்துக் குறும்படம் எடுக்க முடிந்ததா?

பதில்: சோவியத் யூனியனில் அரசே எடுத்தது! 1962-இல் தொடங்கிய 'ஃபிதில்' குறும்படங்கள் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடின. சோம்பேறி அதிகாரி, மட்டமான சரக்கு, குடிகாரத் தொழிலாளி எல்லாம் மாட்டினார்கள். கட்சித் தலைமை மட்டும் மாட்டாது.

செக்கோஸ்லோவாக்கியாவின் யிர்ஷி திரன்கா அந்தக் கோட்டைத் தாண்டினார். 1965-இல் வந்த அவருடைய 'கை' பொம்மைப் படத்தில், குயவன் ஒருவன் தன் ரோஜாச் செடிக்குத் தொட்டி வனைகிறான். ராட்சதக் கை ஒன்று நுழைந்து, தன்னைச் சிலையாக வடிக்கச் சொல்லிச் சாடை காட்டுகிறது. மறுத்தவனுக்குத் தங்கக் கூண்டு. தப்பி வந்தவன் தலையில் அவன் தொட்டியே விழுகிறது. செத்தவனுக்கு அதே கை ராஜமரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துகிறது!

1969-இல் திரன்கா இறந்தபின் படத்துக்குத் தடை. அதில் ஒரு வரி வசனம்கூடக் கிடையாது என்பதுதான் வேடிக்கை.