யாளி முகத்துக்கு வார்னிஷ் எதற்கு?

கேள்வி: பழைய தேரைப் பிரித்தபோது தாத்தா வாங்கியதாகச் சொல்லும் மர யாளி முகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. என்ன விலை பெறும்? வார்னிஷ் அடிக்கலாமா?
- வாசகி, இராஜபாளையம்

பதில்: வார்னிஷ் டப்பாவை மூடிவையுங்கள். எண்ணெயும் வேண்டாம். மரத்தில் ஏறியிருக்கும் கறுப்பும் அதன் வயதுக்கு ஒரு சான்று. தேய்த்தால் மதிப்பும் போய்விடும்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். கையால் செதுக்கியதென்றால் வாச்சியின் சீரற்ற வெட்டுகள் தெரியும். ஒரே சீரான கோடுகள் மெஷின் ரம்பத்தின் வேலை. தேரில் பொருத்திய நாக்கு, துருக்கறை படிந்த ஆணித்துளை இருக்கின்றனவா? ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய தேரின் அடிப்பகுதியைச் சுற்றிவந்தால் எதைத் தேடுவதென்று புரியும். புது மரத்துக்குப் பழமைச் சாயம் பூசுவது எல்லா ஊரிலும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க முகமூடிகளுக்கு ஷூ பாலிஷ் போட்டே விற்கிறார்கள்.

மரத்தை அரித்த சிறு துளைகளிலிருந்து புதிதாக மாவு உதிர்ந்தால் வண்டு உயிரோடிருக்கிறது. வர்ணப்பூச்சு இல்லாத துண்டென்றால், பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் போகட்டும். வர்ணம் இருந்தால் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலிருந்தே வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. அங்கே ஆலோசனை கேளுங்கள்.

விலையா? வாங்கியதற்கு ரசீதோ ஏல ஆவணமோ இருக்கிறதா என்று தேடுங்கள். கோயில் பொருளுக்கு அது இல்லாமல் நேர்மையான யாரும் விலை சொல்லமாட்டார்கள். 100 வயது தாண்டியிருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தும்: வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். பதிவு பற்றித் தொல்லியல் துறையிடம் விசாரித்துவிடுங்கள்.