அவதானக் குறைபாடும் பங்கு வணிகமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளோடு தொடர்புடைய லங்கா ஐ.ஓ.சி.யும், திருகோணமலைத் துறைமுகக் கரையில் ஆலை நடத்தும் டோக்கியோ சீமெந்தும் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை ஆதலின், அவற்றின் பங்குகளை அந்நகரின் உவர்மலையில் வீட்டிலிருந்தபடியே கைபேசி வழியாக வாங்கி விற்பது இன்று எவருக்கும் எளிது. அவ்வாறு விலைகளை நோக்கியிருப்போருள் தம் சித்தம் ஓரிடத்தில் நில்லாது அலைகிறதே என்று வருந்துவோரும் உளர். அவர்களைக் குறித்து ஊரில் வழங்கும் சில நம்பிக்கைகள் பணத்தோடு மனிதரையும் அழிக்க வல்லவை என்பதால், அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வது அவசியமாகிறது.

நம்பிக்கை: அவதானக் குறைபாடு என்பது வெறும் சோம்பல், மனம் வைத்தால் மாறிவிடும்.

உண்மை: 1798இல் அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் மருத்துவர் நூலில் வருணித்ததும், 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் தம் சொற்பொழிவுகளில் குழந்தைகளிடம் கண்டு விளக்கியதும் இதனை ஒத்த நிலைமையே. மனிதருக்கு மனிதர் இதிற் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பரம்பரையைச் சார்ந்தது என்பது இரட்டையர் ஆராய்ச்சிகளின் முடிவு. விரும்பிய விடயத்தில் மணிக்கணக்காக மூழ்குபவரும், வேண்டிய இடத்தில் அவதானத்தைச் செலுத்தவும் வேண்டியபோது மீட்கவும் இயலாமல் தவிப்பதே இக்குறைபாட்டின் சுபாவம்.

நம்பிக்கை: சிறுபிள்ளைகளின் நோய், வளர்ந்தால் தீர்ந்துவிடும்.

உண்மை: பலரிடம் அது முதிர்ந்த வயதிலும் நிலைக்கிறது. ஆயினும் 12 வயதுக்கு முன்னரே அறிகுறிகள் தோன்றியிருக்க வேண்டுமென்பது மருத்துவ நியதி. ஆகவே கடன் கவலையாலும் நித்திரைக் குறைவாலும் அண்மையில் மனம் சிதறியவர், தாமாகவே இப்பெயரைச் சூட்டிக்கொள்வது தகாது.

நம்பிக்கை: பரபரப்பான சந்தையே இத்தகையோருக்கு ஏற்ற களம்.

உண்மை: இதுவே யாவற்றினும் ஆபத்தானது. பங்கு வணிகத்தில் பெரும்பகுதி காத்திருத்தலே. காத்திருக்க இயலாத மனமோ, ஏதேனும் செய்துவிட வேண்டும் என்ற துடிப்பில், காரணமின்றி வாங்கவும் அச்சத்தில் விற்கவும் விரைகிறது. பார்பர், ஒடீன் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் ஈட்டிய அக்காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் 11.4 சதவீதமே பெற்றனர் என்று கண்டனர். எக்குறைபாடும் இல்லாதவரையே அடிக்கடி விற்று வாங்கும் வழக்கம் இவ்வளவு தாழ்த்துமெனில், துடிப்பை அடக்குதல் கடினமானவருக்கு அது விளைக்கும் நட்டத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம்பிக்கை: அவதானத்துக்குரிய மாத்திரையை விழுங்கினால் எவரும் தேர்ந்த வணிகராகலாம்.

உண்மை: குறைபாடு உள்ளவருக்கு வைத்தியர் அளவறிந்து தரும் மெதில்பெனிடேட் பெரும் பயன் தரக்கூடியது. குறைபாடற்ற 40 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான ஆராய்ச்சியிலோ, இவ்வகை மருந்துகள் பிரயத்தனத்தைக் கூட்டிய அளவுக்குத் தீர்மானத்தின் தரத்தை உயர்த்தவில்லை, மாறாகக் குறைத்தன.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? கப்பல் துறைமுகத்துள் நுழையும்போது மாலுமியின் திறமையோடு மிதவைக் குறிகளும் வேண்டப்படுவதுபோல, இவர்களுக்கும் புறத்தே நிற்கும் ஒழுங்குகள் வேண்டும். காலை 9.30க்குச் சந்தை திறக்குமுன் வாங்கும் விலை, விற்கும் விலை, பொறுக்கத்தக்க நட்டம் ஆகியவற்றைத் தாளில் எழுதிவைத்து, தரகருக்கு விலை வரம்பிட்ட கட்டளையே கொடுத்து, கைபேசியின் ஓயாத அறிவிப்புகளை நிறுத்தி, ஒவ்வொரு கொள்வனவுக்கும் உரிய காரணத்தை நாட்குறிப்பிற் பதிந்து வருதல் நலம். கடன் பணத்தைத் தொடவே வேண்டாம். இவ்வளவு செய்தும் மனம் அடங்காதவர் இவ்வணிகத்தை விட்டு விலகுவது விவேகமேயன்றித் தோல்வியாகாது. சந்தேகமுள்ளவர் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசும் வீட்டார், அவ்வேச்சை நிறுத்தி அவனோடு வைத்தியரிடம் கூடச் செல்வார்களாயின், அவன் பெறும் முதல் மருந்து அதுவே.