சூப்பர்ஃபுட் வாங்கலாமா? தாவர உணவுக் குடும்பங்களுக்கு 12 குறிப்புகள்

பால், தயிர், நெய்யையும் விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறுகிறவர்களுக்கு முதலில் வரும் பயம், ‘சத்து குறைந்துவிடுமோ’ என்பதுதான். அந்த நேரத்தில்தான் சியா, கினோவா, ஸ்பைருலினா, கோஜி பெர்ரி எல்லாம் கண்ணில் படும். எதற்குப் பணம் கொடுக்கலாம், எதைத் தாராளமாக விட்டுவிடலாம்? வாங்குவதற்கு முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. ‘சூப்பர்ஃபுட்’ என்பது மருத்துவம் வகுத்த பிரிவு அல்ல, விற்பனைக்காக வைத்த பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல், அங்கீகாரம் பெற்ற நலக் கூற்று இல்லாமல் இந்தப் பெயரைச் சொல்லி விற்க முடியாது. ஆகவே, எந்தச் சத்து வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள்.

2. பாக்கெட்டில் 100 கிராமுக்கான அளவைத்தான் போட்டிருப்பார்கள். நாம் சாப்பிடும் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பைருலினாவில் பாதிக்கு மேல் புரதம்தான். ஆனால், ஒரு டீஸ்பூன் பொடியில் கிடைப்பது 2 கிராம் புரதம்கூட இருக்காது. 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும்.

3. கினோவாவில் இன்றியமையாத அமினோ அமிலங்கள் எல்லாமே இருப்பது உண்மை. ஆனால், அரிசியில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பு கொடுத்துவிடும். பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். சாம்பார் சாதம், பொங்கல், அடை, இட்லி எல்லாமே இந்தச் சேர்க்கைதான். ருசிக்காகக் கினோவா வாங்கினால், நுரை அடங்கும்வரை அலசிச் சமையுங்கள். மேலே படிந்திருக்கும் சபோனின் போனால்தான் கசப்பு போகும்.

4. ஒமேகா 3-க்கு ஆளி விதை போதும். ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியில் சுமார் ஒன்றரை கிராம் ஏ.எல்.ஏ. (தாவர ஒமேகா 3) கிடைக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. முழு விதையாகத் தின்றால் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். லேசாக வறுத்து, ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் பொடித்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். அதிகம் பொடித்து வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். இட்லிப் பொடியில் கலந்தால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

5. சியா வாங்கப் போய் சப்ஜாவோடு வராதீர்கள். சப்ஜா ஒரே சீரான கறுப்பு. சியாவில் சாம்பல், பழுப்பு, வெள்ளை கலந்த புள்ளிகள் இருக்கும். சப்ஜா சில நிமிடங்களிலேயே ஊறிவிடும். சியாவுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். சியாவை உலர்ந்தபடியே விழுங்கவே கூடாது. தொண்டைக்குள் போய் உப்பினால் உணவுக் குழாயை அடைத்துவிடும்.

6. கால்சியத்துக்கு இறக்குமதிச் சரக்கு எதுவும் தேவையில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். தோல் நீக்காத எள்ளில் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் உண்டு. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால், கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் குறையும். பாலக் கீரையை மட்டும் கால்சியத்துக்காக நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்ஸலேட், கால்சியம் உடலில் சேராமல் தடுத்துவிடும்.

7. கேல் கீரை தேடி அலைய வேண்டாம். கால்சியமும் பீட்டா கரோட்டினும் நிறைந்தது நம் முருங்கைக் கீரை. அதையே ‘மோரிங்கா பவுடர்’ என்று டப்பாவில் அடைத்து அதிக விலைக்கு விற்கிறார்கள். பச்சைக் கீரை கிடைக்கும்போது பொடி எதற்கு? உலர்த்தும்போது வைட்டமின் சி பெருமளவு போய்விடும்.

8. இரும்புச் சத்து உடலில் சேர வைட்டமின் சி துணை வேண்டும். 100 கிராம் ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் சி. பெரிய நெல்லிக்காயில் 250-க்கு மேல். கொய்யாவில் 200-க்கு மேல். கீரை, பயறு சமைத்த அன்று எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது இரண்டு கொய்யாத் துண்டு சாப்பிடுங்கள். காபி, டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

9. வெளிநாட்டுப் பெயர் கொண்டதெல்லாம் தூரத்திலிருந்து வருவதல்ல. பட்டர் ஃப்ரூட் எனும் அவகாடோ, கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, தடியன்குடிசைப் பக்கம் விளைகிறது. சீசனில் அதை வாங்குங்கள். புளூபெர்ரிக்கு நிறம் தரும் ஆன்தோசயனின் நாவல் பழத்திலும் உண்டு.

10. இந்தக் குறிப்பை யாரும் தாண்டிப் போகாதீர்கள். வைட்டமின் பி12-ஐ எந்த சூப்பர்ஃபுட்டும் கொடுக்காது. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். இட்லி மாவையும் பழைய சாதத்தையும் இதற்கு நம்ப முடியாது. கீரையிலுள்ள ஃபோலேட், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். கால் மரத்துப்போவது, தீராத சோர்வு இவை அதன் அறிகுறிகளாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் பி12 மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்.

11. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். ‘சூப்பர்ஃபுட் பார்’ என்று எழுதியதில் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ முன்னால் இருந்தால் அது மிட்டாய்தான். பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே காட்டும். பால் பவுடர் இருந்தாலும் அந்தப் புள்ளி இருக்கும். பால் கலக்காதது வேண்டுமென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் வீகன் முத்திரையைத் தேடுங்கள்.

12. மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கோஜி பெர்ரி ஆகாது, மருந்தின் வேகத்தைக் கூட்டி ரத்தக் கசிவை உண்டாக்கலாம். புதிதாக எந்தப் பொடியைத் தொடங்கினாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத மளிகைப் பட்டியலில் பருப்பு, பயறு, கேழ்வரகு, எள், நிலக்கடலை, ஆளி விதை முதலில் இடம்பெறட்டும். கீரையும் பழமும் அன்றன்றைக்கு உழவர் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த செலவு பி12 மாத்திரைக்கு. அதற்குப் பிறகும் பணம் மீதமிருந்து, ருசியும் பிடித்திருந்தால் சியாவோ கினோவாவோ வாங்கலாம், தவறில்லை. ஆனால், குழந்தையின் பழத்தையும் வீட்டின் பருப்பையும் குறைத்துவிட்டு அவற்றை வாங்காதீர்கள்.