தேடுறதை நிறுத்தாதே!

1942 அக்டோபரில் ஹவாயிலிருந்து போன ஒரு அமெரிக்க பி-17 விமானம் வழிதப்பி, எரிபொருள் தீர்ந்து, பசிபிக் கடலில் இறங்கியது. விமானி வில்லியம் செர்ரி, பிரபல விமான வீரர் எட்டி ரிக்கன்பேக்கர் உட்பட 8 பேர் 3 ரப்பர் படகுகளில் மிதந்தார்கள். கூடி ஜெபித்தார்கள். ஒருவர் மரித்துப்போனார்.

தேடிய விமானங்களுக்கு அந்தச் சின்னப் படகுகள் கண்ணில் படவில்லை. 2 வாரத்துக்குமேல் ஆனதும் தேடலை நிறுத்த நினைத்தார்கள். ரிக்கன்பேக்கரின் மனைவி விடவில்லை. இன்னும் ஒரு வாரம் தேடும்படி மன்றாடினார். நவம்பரில் கடற்படை விமானிகள் முதலில் செர்ரியைக் கண்டார்கள். பிறகு ரிக்கன்பேக்கரின் படகையும் கண்டார்கள். சின்ன விமானத்தில் இடமில்லை. அவரை இறக்கையில் கட்டி, தண்ணீர்மேலேயே ஓட்டிக்கொண்டு போனார்களாம்!

கண்ணில் படலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமில்லை.

சபைக்கு வராமல் நின்றுபோன ஒரு தம்பியை நான் 2 தரம் தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அதோடு விட்டுட்டேன், ஜெபிக்கிறதையும்கூட. இதை வாசித்தபோது வெட்கப்பட்டேன். ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பன் பாதியிலே திரும்பலையே!

இந்த வாரம் மறுபடியும் போகிறேன். தேவபிள்ளையே, நீங்க யாரைத் தேடுறதை நிறுத்தினீங்க?