ஹட்டன் குளிரும் ஒப்-அம்ப் அம்பிளிபயரும்

தோட்டத்துக் கோயிலில் கொடியேறும் நாள் நெருங்கினால் லயத்துத் தம்பிமார் சிலர் ஈயம் பற்றவைக்க உட்கார்ந்துவிடுவார்கள். பழைய ட்ரான்ஸ்போமர் ஒன்று, 741 ஒப்-அம்ப் ஐசி ஒன்று, பவர் ட்ரான்சிஸ்டர் இரண்டு. சொந்தக் கையால் ஒரு அம்பிளிபயர் வேண்டும் என்ற ஆசை. அருமையான ஆசைதான். ஆனால் வாய்வழி வந்த சில நம்பிக்கைகளால் செய்த பெட்டி முதல் நாளே புகைந்துபோகிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, “ஹட்டன் குளிருக்கு ஹீட்சிங்க் எதற்கு?” என்ற பேச்சு. போன மாதம் என் மேசைக்கு வந்த ஒரு பெட்டியில் ட்ரான்சிஸ்டரின் முகம் இரண்டாகப் பிளந்திருந்தது. அடியில் பலகை கருகி, செம்புக்கோடு உரிந்து சுருண்டிருந்தது. ஹீட்சிங்க் தகடு என்று எதுவுமே இல்லை.

கணக்கைப் பாருங்கள். டிஐபி122 போன்ற ட்ரான்சிஸ்டரைத் தகடில்லாமல் விட்டால், அது சூடாக்கும் ஒவ்வொரு வோட்டுக்கும் உள்ளே சுமார் 60 பாகை ஏறும். அதன் எல்லை 150 பாகை செல்சியஸ். வெளியே 15 பாகை என்றால் 2 வோட்டுக்கே உள்ளே 135 ஆகிவிடும். 30 பாகை வெயிலடிக்கும் கொழும்போடு ஒப்பிட்டால் நம் குளிர் மிச்சம் பிடித்துத் தருவது வெறும் கால் வோட். ±15 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கரை ஓட்டும்போது ஒவ்வொரு ட்ரான்சிஸ்டரும் 3 வோட் வரை சூடாக்கும். எந்த மலையில் வைத்தாலும் தகடு வேண்டும்.

“ஒப்-அம்ப் இருந்தால் போதும், ஸ்பீக்கரை நேராக மாட்டலாம்” என்பது இன்னொன்று. 741 தரக்கூடிய மின்னோட்டம் சுமார் 25 மில்லிஅம்பியர். 8 ஓமில் அது வெறும் 2.5 மில்லிவோட். சுமை தூக்குவது ட்ரான்சிஸ்டர்கள். அவை எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பதே ஒப்-அம்பின் வேலை.

அப்படியானால் பெரிய ட்ரான்சிஸ்டராகப் போட்டால் 100 வோட் வருமா? வராது. 8 ஓமில் 100 வோட்டுக்கு உச்சியில் 40 வோல்ட்டும் 5 அம்பியரும் வேண்டும். ±15 வோல்ட்டில் ஓடும் 741 எட்டுவது 13 வோல்ட் அளவு; ட்ரான்சிஸ்டர் விழுங்குவது போக மிஞ்சுவது சுமார் 8 வோட். வோட்டைத் தீர்மானிப்பது மின்வழங்கல்தான்.

கொஞ்சம் படித்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: “எதிர்ப் பின்னூட்டம் எல்லாத் திரிபையும் சரிசெய்துவிடும்.” மேல் ட்ரான்சிஸ்டர் விட்டதைக் கீழ் ட்ரான்சிஸ்டர் பிடிப்பதற்குள், ஒப்-அம்பின் வெளியீடு சுமார் 2.5 வோல்ட் தாவ வேண்டும். 741இன் வேகம் மைக்ரோ செக்கனுக்கு 0.5 வோல்ட், ஆகவே 5 மைக்ரோ செக்கன் மௌனம். தவிலின் கனத்த ஓசையில் அது தெரியாது. ஜால்ராவில் கரகரப்பாகக் குத்தும். மருந்து எளிது: பேஸ்களுக்கிடையே நான்கு டயோட்களைக் கோத்து, எமிட்டர்களில் சிறிய தடைகளைப் போட்டு, சிறு மின்னோட்டத்தை எப்போதும் ஓடவிடுங்கள். டயோட்களை ட்ரான்சிஸ்டர் பூட்டிய தகட்டோடேயே ஒட்டிவையுங்கள். ஐசியையும் மாற்றுங்கள், டிஎல்072 மைக்ரோ செக்கனுக்கு 13 வோல்ட் ஓடும்.

ஒப்-அம்ப் பாட்டுக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் ரசிக்கும் எத்தனையோ பாட்டுகள் ஸ்டூடியோ மிக்சரிலேயே என்ஈ5532 போன்ற ஒப்-அம்ப்களைத் தாண்டி வந்தவை. 741 வெளிவந்தது 1968இல். அதன் குறையை எல்லா ஒப்-அம்பின் தலையிலும் கட்டாதீர்கள். டிடிஏ2030, எல்எம்3886 ஆகியவையும் உள்ளுக்குள் பவர் ஒப்-அம்ப்களே; எல்எம்3886, ±28 வோல்ட்டில் 4 ஓமுக்கு 68 வோட் தரும்.

வோட்டை இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்காது. 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வோட் வேண்டும்.

தம்பிமாரே, முதன்முதலாக 230 வோல்ட் கொடுக்கும்போது, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 60 வோட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டுக் கொடுங்கள். பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் பயமில்லை. எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.